பதினொன்றரை மில்லிமீட்டர்

வெட்டாமல் அனுப்புங்கள் என்று பத்மாசனி மேடம் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இல்லாவிட்டால் அந்தப் படங்கள் கிடந்த இடத்திலேயே இன்னும் பத்து வருடம் கிடந்திருக்கும், வையாபுரியும் தம் பாட்டுக்கு ஈக்களோடு காலம் தள்ளியிருப்பார். மத்தியானம் மூன்று மணிக்கு அந்தச் செய்தி வந்தபோது அவருக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, மகளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட அவ்வளவு வந்ததில்லை, இதை ருக்குமணியிடம் சொன்னால் கீரைத்தண்டாலேயே அடிக்க வருவாள். சார், உங்கள் வீட்டு முடக்கத்தான் கொடியின் இலையில் இருக்கும் வெள்ளைக் கோடு நம் பக்கத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத ஈயுடையதாக இருக்கலாம், படத்தை மட்டும் வைத்து நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனாலும் இருக்கலாம், அந்தக் கொடியிலும் பக்கத்துச் செடிகளிலும் எடுத்த பழைய படங்களை எல்லாம் ஓரம் வெட்டாமல் அனுப்புங்கள், கோட்டின் அகலத்தையும் அளந்து போடுங்கள். பூச்சிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாள், நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஆளிடம் இப்படிக் கேட்கிறார். இருக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லை அவர் நாலு தடவை படித்தார். அறுபத்தாறு வயதில் ஒரு மனுசனுக்கு வேறென்ன வேண்டும். வடவள்ளியைத் தாண்டி மலைப்பக்கம் போகிற சாலையில் ஏழே முக்கால் சென்ட், அதை அளந்து கல் நட்டதும் அவரேதான், அதில் பாதி வீடு, மீதி தோட்டம், தோட்டத்துச் சுவரில் ஒரு முடக்கத்தான், அதன் இலைக்குள் எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு ஈயின் புழு, அது அவரைப் பேர் வாங்க வைக்கப் போகிறது. பின்பக்கம் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டே ருக்குமணி தன் தங்கச்சி பாப்பாத்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவரு உள்ள ஈயோட குடும்பம் நடத்தறாரு கண்ணு, நான் இங்க கீரையோட, என்று அவள் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. வையாபுரி சிரித்துக்கொண்டே கணினியைத் திறந்தார்.

குடும்பம் என்று அவள் சொல்வதிலும் தப்பில்லை, ஆறு வருடமாக இதே வேலைதான். தாய் ஈ இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும், பொரிந்த புழு வெளியே தலையே காட்டாமல் உள்ளிருக்கும் பச்சையைத் தின்றுகொண்டே நகரும், போன வழி வெளியே வெள்ளைக் கோடாகத் தெரியும். ஈயைப் பார்த்து இன்ன ஈ என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒன்றுபோல் கருப்பும் மஞ்சளுமாக இருக்கும், படத்தில் விழுந்தாலும் தூசி மாதிரிதான் விழும். கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கே தொடங்குகிறது, நரம்பைத் தாண்டுகிறதா, திரும்பி வருகிறதா, உள்ளே கிடக்கும் கரும்புள்ளி எச்சம் ஒரே வரிசையா இரண்டு ஓரமுமா, எல்லாவற்றுக்கும் மேலாக அகலம். புழு வளர வளரக் கோடு அகலமாகும். மெல்லிய இழையாகத் தொடங்கியது இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிட்டதென்றால் புழு முற்றிவிட்டது, இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்துவிட்டது என்று அர்த்தம், நாம் கோட்டைப் பார்த்துப் பதறுகிற நேரத்தில் உள்ளே யாரும் இருப்பதில்லை. தோட்டம் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முந்நூற்று நாற்பது பேர், காலையில் எழுந்ததும் தக்காளி இலையையும் அவரை இலையையும் படம் பிடித்துப் போட்டு இது என்ன சார் என்பார்கள், அவர் பார்த்து, இது இன்னது, பயப்பட வேண்டாம், அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும் என்று எழுதுவார், கோட்டு சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒருமுறை எலுமிச்சை இலையில் இருந்த வெள்ளிக் கோட்டை ஈ என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார், அது அந்துப்பூச்சிங்க சார் என்று பத்மாசனி எல்லோர் முன்னாலும் திருத்தினாள். அந்த அவமானத்துக்குப் பிறகு அளக்காமல் அவர் வாயைத் திறப்பதில்லை. அளவு இல்லாத படம் எனக்கு வேண்டாம் என்றும் அவள் சொல்லியிருந்தாள். இலைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், நழுவியது, நிழல் விழுந்தது, போனையும் அதில் மாட்டிய லென்ஸையும் பிடிக்கவே அவருக்கு இரண்டு கையும் சரியாக இருந்தது. இலையை எப்படியும் ருக்குமணிதான் பிடிக்கிறாள், இடது கையால், கட்டைவிரல் மேலே தெரிய. ஒரு நாள் மில்லிமீட்டரிலும் பின்னம் பார்க்கிற வெர்னியர் அளவுகோலை எடுத்து அவள் கட்டைவிரல் நகத்தின் அகலத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். பதினொன்றரை மில்லிமீட்டர். முப்பத்தஞ்சு வருசம் ஊர் நெலத்தையெல்லாம் அளந்துட்டு கடைசீல என்ற நகத்த அளக்க வந்துட்டீங்களாக்கும் என்று அவள் கேலி செய்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த நகம்தான் அளவுகோல். திரையில் நகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் இத்தனை புள்ளி என்று காட்டும், புழுவின் கோட்டுக்குக் குறுக்கே இழுத்தால் இத்தனை, வகுத்தால் தீர்ந்தது. அளந்து முடித்ததும் விரலை வெட்டிவிட்டு இலையை மட்டும் குழுவில் போடுவார். படத்தில் விரல் தெரியக் கூடாது என்று குழுவில் சட்டம் போட்டதே அவர்தான்.

முதலில் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தைத் திறந்தார். காலை எட்டரை மணி வெயில், முடக்கத்தான் இலை, அதில் அழகாக ஒரு கோடு, இலையின் ஓரத்தில் கட்டைவிரல். நகத்தின் இடது ஓரத்தில் சுட்டியை வைத்து வலது ஓரம்வரை இழுத்தார். திரையில் மயிரிழை மாதிரி ஒரு கருப்புக் கோடு நகத்தின்மேல் நீளும், ஆறு வருடப் பழக்கத்தில் அவருக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். இந்தத் தடவை அந்த இழை நடுவழியில் காணாமல் போய் அந்தப் பக்கம் மறுபடி வந்தது. சுட்டியில்தான் கோளாறு என்று அழித்துவிட்டு மறுபடி இழுத்தார், மறுபடி அதே இடத்தில் காணோம். கருப்பின்மேல் கருப்பு தெரியாது என்பது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. படத்தைப் பெரிதாக்கினார். நகத்தின் அடியிலிருந்து நுனிவரை ஒரு பட்டை ஓடியது. அதைப் பார்த்ததும் அவர் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது, அதுதான் கொடுமை, ஒரு ஓரம் நேராக இருக்கிறது, மறு ஓரம் அலைகிறது, நிறம் ஒரே மாதிரி இல்லை, ஒரு பக்கம் காப்பித்தூள், மறுபக்கம் மை, அடியில் அகலம், நுனியில் கொஞ்சம் குறைவு, அப்படியென்றால் அடியில் இருப்பதுதான் புதுசு, இன்னும் வளர்கிறது, நல்ல தெளிவான கோடு. நாலைந்து நொடி அவருக்கு அது பிடித்துக்கூட இருந்தது. பிறகுதான் தாம் பார்ப்பது இலை இல்லை என்று உறைத்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ருக்குமணி, அட அதெல்லாம் இல்ல கண்ணு, அடுத்த மாசம் வாறோம், இவரு பொறப்பட்டா நானும் பொறப்படுவேன், என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

கறைதான். கீரை உருவுகிற கை, வாழைப்பூ ஆய்கிற கை, கத்தரிக்காய் நறுக்கினாலே விரல் கருத்துப் போகும், இதற்குப் போய் ஒரு மனுசன் வேர்ப்பானா. கறை என்றால் குறுக்கும் நெடுக்குமாக இருக்க வேண்டும், இப்படி ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்காது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது, அதை அவர் கேட்காத மாதிரி இருந்தார். மருதாணி. ஆமாம், மருதாணிதான், ஆடி பதினெட்டுக்கு அவள் வைக்காமல் இருந்ததில்லை, பத்து விரல் நகத்துக்கும் தொப்பி போட்ட மாதிரி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே தூங்குவாள், அது தங்கி இப்படிக் கருத்திருக்கும். ஆனால் மருதாணி நகத்தோடு வளர்ந்து மேலே போகும். தீபாவளிக்குப் பாதி நகம் வெள்ளை, பாதி சிவப்பு, பொங்கலுக்கு நுனியில் பிறைபோல ஒரு துண்டு, அதையும் வெட்டிப் போட்டால் முடிந்தது. அவர் அதைக் கண்ணால் பார்த்தவர், படங்களில் வருடா வருடம் அப்படித்தான் நகர்ந்து போயிருக்கிறது. அடியிலிருந்து நுனிவரை விடாமல் இருப்பது வெளியிலிருந்து பட்ட நிறமில்லை, அடியிலிருந்தே வருகிறது. சரி, அடிபட்டிருக்கும், கதவிடுக்கில் நசுங்கியிருக்கும், ரத்தம் கட்டினால் கருப்பாகத்தான் இருக்கும், பெண்பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டா இருப்பார்கள். அடிபட்டது என்றதும் தேவசகாயம் நினைப்பில் வந்து நின்றார். வரவேண்டாம் என்று வையாபுரியும் எவ்வளவோ பார்த்தார், வந்துவிட்டார், அதே கதர்ச் சட்டை, அதே அறுந்த வார் செருப்பு. ஆபீசில் நில வரைபடம் வரைந்துகொண்டிருந்த தேவசகாயம், கால் பெருவிரல் நகம் கருப்பாக இருக்கும், கேட்டால் எல்லைக்கல் விழுந்து நசுங்கியது என்பார், எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள், இரண்டு வருடம் அவரும் அந்தக் காலோடு நடந்தார். கல் விழுந்தது நிஜம். வையாபுரி பக்கத்தில்தான் நின்றார், ஆளைத் தூக்கி ஜீப்பில் வைத்ததும் அவர்தான். கல் விழுந்தது இடது காலில், கருப்பு இருந்தது வலது காலில். அது அவருக்கு ஞாபகம் வந்தது தேவசகாயத்தைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது. விரலை எடுத்தார்கள், விரலோடு அது நிற்கவில்லை, தொடை இடுக்கில் ஒரு கட்டி, பிறகு நெஞ்சு, கண்டுபிடித்ததிலிருந்து எட்டு மாதம். நகத்தில் புற்றுநோய் வரும் என்று அன்றைக்குத்தான் ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்தது. வையாபுரி இந்த இடது வலது சங்கதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ருக்குமணியிடம்கூட.

எழுந்து போய்ப் பார்த்தால் தீர்ந்தது. பன்னிரண்டு அடி, சமையற்கட்டைத் தாண்டினால் பின்கதவு, கல்லின்மேல் அவள், அவள் கையில் அந்த விரல். உலகத்திலேயே லேசான காரியம். அவர் எழவில்லை. அடுத்த படத்தைத் திறந்தார், பங்குனியில் எடுத்தது, பிறகு தை, பிறகு போன வருடத்து ஐப்பசி, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, நகத்துக்குக் குறுக்கே ஒரு இழை, பட்டைக்குக் குறுக்கே ஒரு இழை, வகுத்து, பக்கத்தில் இருந்த தாளில் தேதி போட்டு எழுதினார். போன ஞாயிறு மூன்று புள்ளி ஆறு. தை மாதம் மூன்று. அதற்கு முந்தின ஆடியில் நகம் முழுக்கச் செக்கச் சிவந்திருந்தது, அந்தச் சிவப்புக்கு அடியிலும் பட்டை பழுப்பாகத் தெரிந்தது, இரண்டு புள்ளி ஒன்று. அதற்கு முந்தின வருடம் பீர்க்கம் இலை, ஒன்று புள்ளி நாலு. அந்த பீர்க்கம் இலைப் படத்தை எடுத்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடுப்பில் பருப்பு பொங்குது விடுங்க என்று அவள் சொல்லச் சொல்ல, அசையாதே, வெயில் போய்விடும் என்று பத்து நிமிடம் நிற்க வைத்தார், இலையில் இருந்த எச்சப் புள்ளிகளை எண்ணி அன்றைக்குக் குழுவில் ஒரு பக்கத்துக்கு எழுதினார், எழுபது பேர் கைதட்டினார்கள். அந்த எழுபது பேரும் பார்க்காதது விரல் வெட்டப்பட்டிருந்ததால். அவர் வெட்டாமல் பார்த்தவர். அதற்கும் முன்னால் போனார். கோடு மெலிந்துகொண்டே வந்தது, புள்ளி எட்டு, புள்ளி ஐந்து, நாலு வருடத்துக்கு முந்தின ஒரு தை மாதத்து அவரை இலைப் படத்தில் வெறும் புள்ளி மூன்று, பென்சிலால் லேசாகக் கீறின மாதிரி. அதற்கு முந்தின மார்கழியில் ஒன்றுமில்லை, நகம் சுத்தமாக இருந்தது, இளஞ்சிவப்பாக, நல்ல ஆரோக்கியமான நகம். மார்கழிக்கும் தைக்கும் நடுவில் எங்கேயோ அது வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த மார்கழியில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை, மழை பெய்தது, மகள் வந்து போனாள், அவ்வளவுதான். தாளைப் பார்த்தார். தேதி, செடி, அகலம், குறிப்பு என்று வழக்கமான தலைப்புகளையே போட்டிருந்தார், குறிப்பு என்ற இடத்தில் கடைசிப் படத்துக்கு எதிரே, அடித்தோலிலும் பழுப்பு பரவியிருக்கிறது என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதை எப்போது எழுதினார் என்று தெரியவில்லை.

படத்தைத் திரும்பப் பார்த்தார், நிஜம்தான், நகம் முடிந்து தோல் தொடங்குகிற இடத்தில் மையைத் தொட்ட விரலால் தடவின மாதிரி ஒரு நிழல். வெயிலின் நிழலாக இருக்கலாம். இருக்கலாம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை நாலு தடவை படித்துச் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்து வாய் கசந்தது. படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் ஆறு வருடமாக அவர் மற்றவர்களுக்குச் சொல்வது, அதை இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், படத்தை வைத்துச் சொல்ல முடியாது, எத்தனையோ பேருக்கு நகத்தில் கோடு இருக்கும், சும்மா இருக்கும், நம் பக்கத்து நிறத்துக்கு அது சகஜம் என்று எங்கேயோ படித்திருக்கிறார், படிக்காவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். சும்மா இருக்கிற கோடு அகலமாகுமா. பயமாக இருந்தது அவருக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்கிற பயம் இல்லை, கால் கட்டைவிரலிலிருந்து ஏறிவருகிற பயம். அவள் இல்லாமல் என்று ஒரு நினைப்பு தொடங்கியது, அதை அங்கேயே நிறுத்தினார், அது நிற்காமல் வேறு வழியில் வந்தது, காலையில் எழுந்து பால் பாக்கெட்டை யார் எடுப்பார்கள், அவருக்கு மாத்திரையில் எது காலை எது மாலை என்று தெரியாது, முடக்கத்தான் தோசையை அவர் வாயில் வைக்கமாட்டார் என்று தெரிந்தும் மூட்டு வலிக்கு நல்லது என்று சுட்டுப்போட்டு எதிரே உட்கார்ந்து தின்ன வைப்பாள், இனி யார் வைப்பார்கள், என்ன கேவலமான மனசு, அவளுக்கு என்ன ஆகுமோ என்று நினைக்காமல் தோசையை நினைக்கிறது. சூலூர்ப் பக்கம் ஒரு தடவை வழக்கில் இருந்த நிலத்தை அளக்கப் போனபோது, கருவிக்குள் கண்ணை வைத்தபடி அவர் மத்தியானம்வரை நின்றார், வேலை முடிந்து ஜீப்பில் ஏறிய பிறகு அளவுச் சங்கிலி பிடிக்கிற பழனியப்பன் கேட்டான், ஏனுங்க சார், அந்தம்மா அவ்வளவு நேரம் உங்க காலடியில உக்காந்து அழுதுதே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா. எந்தம்மா என்று அவர் கேட்டார். பொய்க்குக் கேட்கவில்லை, அவர் யாரையும் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தார். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னதும், அதென்ன கண்ணுங்க உங்குளுது என்று ருக்குமணி அன்றைக்கு முகம் சுளித்ததும் இப்போது அடுத்தடுத்து வந்தன.

போன் சிணுங்கியது. பத்மாசனிதான். அனுப்பிட்டீங்களா சார், நாளைக்கு எங்க கூட்டத்துல காட்டணும், அகலம் மட்டுமாவது சொல்லுங்க. அகலம் மட்டுமாவது. அவர் பதிலுக்கு, அனுப்புகிறேன் என்று தட்டினார், பிறகு அழித்தார். இந்தப் படங்களை வெட்டாமல் அனுப்பினால் அந்தம்மாள் பார்த்துவிடுவாளா. பார்க்கமாட்டாள், அவளும் இலையைத்தான் பார்ப்பாள், விரலை அளவுக்கு மட்டும் பார்ப்பாள். ஒருவேளை பார்த்துவிட்டால், சார் இது யார் கை என்று கேட்டுவிட்டால், அப்போது அது நிஜமாகிவிடும், அதுவரை இது திரையில் இருக்கும் ஒரு நிறம்தான். வெட்டி அனுப்பிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. விரலை வெட்டிவிட்டு, கோட்டின் அகலம் இன்னது என்று எழுதி அனுப்பிவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, இன்றைக்கு வியாழன், நாளைக்கு வெள்ளி, வெள்ளிக்கிழமை யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா, சனிக்கிழமை பாப்பாத்தி வீட்டு விசேஷத்துக்குச் சாமான் வாங்கப் போகணும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், திங்கட்கிழமை நல்ல வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இன்னொரு படம். அந்த நினைப்பு வந்ததும் தம்மீதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. தேவசகாயமும் இப்படித்தான் திங்கட்கிழமை திங்கட்கிழமை என்று தள்ளியிருப்பார். இரண்டாயிரத்துச் சொச்சம் படம், ஆறு வருடம், ஒவ்வொன்றிலும் இந்த நகத்தின் இரண்டு ஓரத்தையும் அவர் தம் கையால் தொட்டிருக்கிறார், ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தாண்டிப் போயிருக்கிறார், ஒருநாளும் நடுவில் இறங்கவில்லை. பின்பக்கம் பேச்சு நின்றிருந்தது. சரி கண்ணு வெச்சர்றேன் என்பது எப்போது கேட்டது என்று தெரியவில்லை. கீரையை உருவும் சத்தம் மட்டும் வந்தது, சர்ரென்று ஒரு காம்பு, கொஞ்சம் நின்று, மறுபடி சர்ரென்று ஒன்று. ஒவ்வொரு உருவலுக்கும் கட்டைவிரல்தான் அழுத்த வேண்டும். அவர் எழுந்தார். வழக்கப்படி போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்ததைச் சமையற்கட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார், திரும்பிப் போய் வைக்கப் பயந்து, போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம் என்று தெரிந்து, அப்படியே பின்கதவைத் திறந்தார்.

ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள். மடியில் முறம், முறத்தில் குவியலாகக் கீரை, நெற்றியில் ஒட்டிக்கொண்ட ஒரு முருங்கை இலை. அறுபத்திரண்டு வயதுக்கு நல்ல திடமான உடம்பு, ஒரு நோய் நொடி என்று படுத்ததில்லை.

"காப்பிக்கு வந்துட்டீங்களா? அஞ்சு நிமிசம் பொறுங்க, இத முடிச்சர்றேன்."

"காப்பி இருக்கட்டும் அம்மிணி. கையைக் கொஞ்சம் காட்டு."

அவர் கையில் இருந்த போனைப் பார்த்தாள். முறத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போனாள், முடக்கத்தான் கொடியில் துழாவி, கோடு விழுந்த இலையாகப் பார்த்து ஒன்றை எடுத்து, இடது கைக் கட்டைவிரல் மேலே தெரியப் பிடித்து, வெயில் விழும்படி கையை அவரே சொல்லிக்கொடுத்த சாய்வில் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது போதுமுங்களா, இன்னும் கொஞ்சம் தூக்கோணுமா?"

"இலை வேண்டாம்."

"அப்புறம்?"

"கை மட்டும் போதும்."

அவள் இலையை விட்டாள். அவர் போனைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். கை சூடாக, கீரைப் பச்சை வாசத்தோடு இருந்தது. இந்தக் கையைக் கடைசியாக எப்போது இப்படிப் பிடித்தார் என்று அவருக்கு நினைவில்லை, இலையைத் திருப்பு, மேலே தூக்கு என்று வாயால் சொன்னதுதான் உண்டு. படத்தில் இருந்தது எல்லாம் அப்படியே இருந்தது. படத்தில் தெரியாத ஒன்றும் இருந்தது, நுனியில் நகம் மெல்லியதாகப் பிளந்திருந்தது. அடித்தோலில் இருந்த பழுப்பை அவர் தம் விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"இது எப்ப இருந்து இருக்குது?"

"எது, இந்தக் கருப்புங்களா? அது இருக்குமுங்க, மூணு நாலு வருசம்."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க. போன மாசம் பாத்திரம் தேய்க்கறப்ப நுனி வெடிச்சுது, அவ்வளவுதான். ஏனுங்க, மத்தியான மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

"ஏன் ருக்கு, எங்கிட்டச் சொல்லவே இல்லை?"

அவள் அவரை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது.

"உங்ககிட்ட என்னன்னு சொல்றதுங்க? நீங்கதான் தெனமும் லென்சு வெச்சுப் பாத்துட்டே இருக்கறீங்க. பாப்பாத்திகூட ரெண்டு வருசத்துக்கு முந்தி கேட்டா, என்னக்கா இது, ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டீரலாமேன்னு. எங்கூட்டுக்காரரு பாக்காததையா டாக்டரு பாக்கப் போறாரு, ஏதாச்சும் இருந்துதுன்னா இத்தனை நாளைக்கு அவரு சொல்லியிருப்பாருன்னு சொல்லிப்போட்டனுங்க."

சொல்லிவிட்டு, அவர் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவள் கல்லில் உட்கார்ந்து முறத்தை மடிக்கு இழுத்து அடுத்த காம்பை எடுத்தாள்.